நான் தேற்றிய பெண்கள்

புதிதாக வருகிற நர்ஸின் கையில் முதல் வாரம் நான் ஊசியைக் கொடுப்பதில்லை. கை கழுவத்தான் சொல்லிக்கொடுப்பேன். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. பாதிப் பேர் நகக்கண்ணை விட்டுவிடுவார்கள். சிரித்துக்கொண்டே திரும்பவும் குழாயடிக்கு அனுப்புவேன். யாரும் முகம் சுளித்ததில்லை. என்னிடம் வேலை பழக வேண்டும் என்று வார்டு மாற்றல் கேட்டு வந்தவர்களே உண்டு, மேடம். விசாரித்தபோது உங்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவு மற்ற வார்டு மாதிரி இல்லை. அங்கே படுத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பேச்சு இருக்காது. அவர்களுக்காக இயந்திரம்தான் கத்தும். அது கத்தும்போது இயந்திரத்தைப் பார்க்கக் கூடாது, நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாரும் இதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். படித்தது கைக்கு இறங்குவதில்லை. கொஞ்ச நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அப்புறம் அலட்சியம் ஒட்டிக்கொள்ளும். ஒரு கையில் போன், ஒரு கையில் மருந்து. நான் திட்டியதில்லை. திட்டி யாரும் திருந்தி நான் பார்த்ததில்லை.

தன் கையால் ஓர் உயிர் போய்விட்டது என்று ஒரு நர்ஸ் நம்பிவிட்டால், அதற்குப் பிறகு அவள் கை தவறாது. இது என் அனுபவம்.

வாயாடி என்று நாங்கள் கூப்பிட்ட பெண்தான் முதலாமவள். வார்டுக்குள் நுழையும்போதே அவள் குரல் முன்னால் வரும். சுயநினைவே இல்லாதவரிடம்கூட, "என்ன தாத்தா, இன்னைக்கும் என்கிட்ட பேச மாட்டீங்களா?" என்று வம்பிழுப்பாள். அவள் பொறுப்பில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். பிழைக்க மாட்டார் என்று அவர் வீட்டாரிடம் டாக்டர் சொல்லிவிட்டார். மருந்தை அளந்து ரத்தத்தில் ஏற்றும் பம்பில் வாயாடி அளவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் போய் அளவை ஏற்றினேன். அவள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பம்பில் இருந்த எண்ணை மட்டும் காட்டினேன்.

"இது நான் வெச்சதாக்கா?"

"பதட்டத்துல கை தவறியிருக்கும்டி. எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கறதுதான்."

"நான் கொன்னுட்டேனாக்கா?"

"யார்கிட்டயும் வாயத் திறக்காத. நான் இருக்கேன்ல."

துணி அலமாரி அறைக்குக் கூட்டிப்போனேன். என் மடியில் முகம் புதைத்து அழுதாள். என் துணி முழங்கால்வரை நனைந்துபோகும் அளவுக்கு அழுதாள். தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அந்த மனிதர் தானாகவே போய்விட்டார் என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன். யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை.

அதற்குப் பிறகு அவள் வேலையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு பிசிறு கிடையாது. பேச்சுதான் நின்றுபோனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்று பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவையே கட்டி ஆள்கிறாள். அவ்வப்போது போன் செய்வாள். முதலில் மூச்சு மட்டும் கேட்கும்.

"அக்கா, அன்னைக்கு நான் பாத்துத்தான் வெச்சேன்னு தோணிக்கிட்டே இருக்கு."

"அதையே நினைச்சு உழப்பிக்காதம்மா. மறந்துடு."

"சரிக்கா, மன்னிச்சுக்கோங்க" என்று வைத்துவிடுவாள். தங்கை பிள்ளையைக்கூடத் தூக்குவதில்லையாம். தன் கையை நம்ப முடியவில்லை என்றாள். அவள் போன் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவள் துண்டித்த பிறகும் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். அந்த மூச்சு நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பின்னே, ஒரு பிள்ளையை ஆளாக்கிவிடுவது என்றால் சும்மாவா?

அவளுக்குப் பிறகும் சிலர். நான் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. எல்லாமே போகிற உயிர்கள்தான் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். தையல்காரர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

டீச்சர் என்று நாங்கள் கூப்பிட்ட நர்ஸின் நோயாளி அவர். டீச்சர் என்னைவிட மூத்தவள். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நடுவயதில் நர்ஸிங் படித்து வந்தவள். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். சந்தேகம் வந்தால் என்னிடம் வர மாட்டாள், நேராக டாக்டரிடம் போய்விடுவாள். துணி அலமாரி அறை எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவு தலைக்கனம் நோயாளிக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டது.

தையல்காரர் தேறிக்கொண்டிருந்தார். சாதாரண வார்டுக்கு மாற்றுவதாக இருந்தார்கள். என் சட்டைக் கையைப் பார்த்துவிட்டு, "தையல் இழுக்குது சிஸ்டர், வெளிய வந்ததும் பிரிச்சுத் தெச்சுத் தரேன்" என்றார். நன்றி சொன்னேன். டீச்சர் அந்தப் பக்கம் போனதும் பம்பைத் தொட்டேன்.

அவர் உயிர் போனபோது டீச்சர் அழவில்லை. நான் தோளில் வைத்த கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"நான் வெச்ச அளவு இது இல்ல சிஸ்டர்."

"பதட்டத்துல..."

"எனக்குப் பதட்டமே இல்ல. வெச்சுட்டு வாய்விட்டுப் படிச்சேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்குன்னு அவர்கூட சிரிச்சார். எனக்கப்புறம் இங்க யார் வந்தா?"

யாரும் தொடக் கூடாது என்று பம்பை மறைத்து நின்றுகொண்டாள். டாக்டர் வரும்வரை நகரவில்லை. எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினார்கள் என்பது அந்தப் பம்பின் நினைவில் இருக்கும். எனக்கும் அது தெரியும். அதுவரை யாரும் எடுத்துப் பார்க்க நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

தையல்காரரைக் கொன்றது நான்தான். பஸ் ஓட்டியவரையும் மற்றவர்களையும் கொன்றதும் நான்தான். அந்தப் பெண்கள் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

வாயாடிக்குத் தகவல் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "அப்போ அது நான் இல்லையா?" என்று மட்டும் கேட்டாளாம். அவளுக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும்.

உனக்கு வேலை பழக்கியது யார் என்றும் கேட்டீர்கள். நான் முதலில் சேர்ந்த ஆஸ்பத்திரியின் மூத்த நர்ஸ், பெரியக்கா என்று கூப்பிடுவோம். தாயில்லாப் பெண்ணாக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான். முதல் வருஷமே என் கையால் ஒரு சிறுமி போய்விட்டாள். மருந்தை மாற்றிப் போட்டுவிட்டேன். போட்டது எனக்கு நினைவில்லை; பெரியக்காதான் காலிக் குப்பியை எடுத்துவந்து காட்டினாள். கடைசிவரை யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. அன்று அவள் மடியில் கிடந்தபோதுதான் எனக்கென்று ஓர் ஆள் இருக்கிறது என்பதே தெரிந்தது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? நீங்கள் நினைப்பது புரிகிறது, மேடம். அப்படியெல்லாம் இருக்காது. என்னோடு சேர்ந்து அவளும் அழுதாள்.