தையல் மெசின் திருத்தினவள்

இத்தாலியில், பலெர்மோவிலிருந்து பகேரியாவுக்குப் போகும் காலை ரயில். எதிர் இருக்கையில் வீட்டுவேலைக்குப் போகும் இரண்டு ஈழத்துத் தமிழ்ப் பெண்கள்.

“நான் வேலை செய்யிற வீட்டுச் சிநோரின்ரை வேட்டைத் துவக்கிலை பிழையில்லை, அக்கா,” என்றாள் இளையவள்.

துப்பாக்கி என்றதும் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

“செமி ஓட்டோமற்றிக். குறி பாக்கிற ஸ்கோப்பைப் பூட்டின திருகாணியள்தான் இளகிக் கிடந்தது. இறுக்கிக் குடுத்தன். நேற்று அஞ்சு வெடியும் குறிப்பலகையிலை ஒரு உள்ளங்கையளவுக்குள்ளை விழுந்ததாம்.”

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். “எங்கை பழகினனி எண்டு கேக்கேல்லையோ?”

“கேட்டவர். ஊரிலை தையல் மெசின் திருத்தினனான் எண்டன்.”

“நம்பினவரே?”

“ஓம். இப்ப சிநோரா ஆறு யன்னல் சீலை தைக்கத் தந்திருக்கிறா. எனக்கு ஊசியிலை நூல் கோக்கவே தெரியாது.”

“கொண்டு வா, நான் தைச்சுத் தாறன். ஆனா இனி அந்தத் துவக்கைத் தொடாதை.”

இளையவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“வெடி இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகுதாம், அக்கா.”