இரண்டாவது கிளாஸ்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடெடுத்தால் ஜன்னல் கம்பியெல்லாம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஆனாலும் அந்த அடுக்குமாடிப் பிளாற்றை நான் விடவில்லை. ரயில் சத்தத்தைக் கேட்டபடி குசினிக்குள் நடந்து நடந்து யோசிப்பது என் பழக்கம். உட்காரச் சொல்கிறீர்கள். நின்றபடியே சொல்கிறேன், ஐயா.

நான் செய்தது வாயால் குடிக்கும் தடுப்பு மருந்து. ஊசி வேண்டாம், ஒரு மடக்குப் போதும், வயிற்றோட்டக் கிருமி குடலில் தங்காது. என் இளமை முழுவதும் அதற்குத்தான் போனது. சோதித்துப் பார்க்கக் கொட்டாஞ்சேனையில் ஏழைகள் குடியிருக்கும் ஒரு தோட்டத்தைத் தெரிந்தெடுத்தோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள், பொதுக் குழாய், மழை பெய்தால் வயிற்றோட்டம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே ருசியில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது. அதுதான் முறை. பிறகு வயிற்றோட்ட வருத்தம் வரவேண்டும், யார் தப்புகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்குப் புதுக் குழாய் போட்டார்கள். நல்ல விஷயம். மழை பெய்தது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

மாக்ரெட் அந்தத் தோட்டத்துக்காரி. தையல் வேலை. வீடு வீடாக என்னைக் கூட்டிப்போய் ஆட்களைச் சேர்த்துத் தந்து, தானும் சேர்ந்தவள். காலையில் அவளுக்குப் போன் எடுப்பேன்.

"யாருக்கும் வயிறு சரியில்லையா, மாக்ரெட்?"

"இல்ல மிஸ். மாதா புண்ணியத்தில எல்லாரும் நல்ல சுகம்."

சந்தோஷமாகச் சொல்வாள். எனக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி, காலிக்குப் போகும் வீதியில் தெஹிவளை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புவேன். சுகமாக இருப்பவர்களை வைத்து எதை நிரூபிப்பது? மாதக் கடைசியில் ஆய்வை மூடச் சொல்லியிருந்தார்கள். மூடினால் அந்த மருந்தும் முடிந்தது. அது இல்லாமல் எத்தனை பிள்ளைகள் சாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, ஒத்துழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு சின்ன விருந்து வைத்தேன். கசகசா போட்டுச் சர்பத்தை நானே கரைத்தேன். ஆய்வுகூடத்துக் கிருமியை அதில் கலந்தேன். அளவோடுதான். சில நாள் வயிற்றோட்டம், அவ்வளவுதான். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற்றுகளும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

நல்ல வெயில். மாக்ரெட் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸை நீட்டினாள்.

"உங்கட கையால செஞ்சதா மிஸ்? இன்னொண்டு தாங்க."

ஊற்றிக் கொடுத்தேன். மறுத்தால் சந்தேகப்பட்டிருப்பாள்.

அவளுக்குச் சிறுநீரகம் பழுது என்பது எனக்குத் தெரியாது. சொன்னால் சேர்க்கமாட்டேன் என்று மறைத்திருக்கிறாள். பலர் படுத்தார்கள், எழும்பினார்கள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. செத்தவீட்டுக்குப் போனேன். அவளுடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டாங்க மிஸ்" என்றாள். வயிற்றோட்டம் எப்போது தொடங்கியது என்று நான் கேட்டேன். அந்த விபரம் தேவைப்பட்டது.

என் மனம் அமைதியாக இல்லை, அதை மறைக்கவில்லை. ஆய்வில் யாருக்கு எது கொடுத்தோம் என்ற பட்டியலைப் பார்க்க விடமாட்டேன் என்கிறீர்கள். மாக்ரெட் அன்று ஆய்வுக்குக் குடித்தது மருந்தா, வெறும் தண்ணீரா? அது தெரியாமல் நான் எப்படி உறங்குவது?

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். ஓம், அந்தத் தடுப்பு மருந்தை முதன்முதலில் குடித்தவள் நான்தான். அதில் எனக்கு முழு நம்பிக்கை. சர்பத்தை மட்டும் நான் தொடவில்லை. இனிப்பு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.