மினுங்காத பெயிண்ட்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவளின் மடியில் ஒரு பெயிண்ட் வாளி.

"கொஞ்சங்கூட மினுங்காத பெயிண்டா கேட்டு வாங்கிட்டு வாறேன் அக்கா."

"ஏன், போன மாசந்தானே ஹாலுக்கு அடிச்ச?"

"அது ஷீன். அப்படின்னா என்னான்னு கடையில கேட்டேன். பட்டுச்சேலை மாதிரி லேசா மினுங்கும்னாங்க. மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்களேன்னு ஆசைப்பட்டு அடிச்சுட்டேன்."

"நல்லாத்தானே இருக்கும்?"

"எங்க! ஜன்னல் வெளிச்சம் பட்டதும், பூச்சுல இருந்த மேடு பள்ளம் எல்லாம் அப்படியே தெரிஞ்சிருச்சு. மாப்பிள்ளையோட அப்பா சுவரைத் தடவிப் பார்த்து, 'எந்த மேசன் பாஸ் பூசுனாரு?'ன்னு சிரிச்சாரு."

"உங்க அண்ணன்தானே பூசுனாரு?"

"ஆமா. ரெண்டு ஞாயித்துக்கிழமை, தன் வேலையை விட்டுட்டு வந்து பூசிக் குடுத்தாரு."

"அதைச் சொன்னியா?"

அவள் வாளியின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"யாரோ ஒரு மேசன் பாஸ், பேரு ஞாபகம் இல்லைன்னுட்டேன் அக்கா. அண்ணன் அங்கதான் எல்லாருக்கும் டீ குடுத்துக்கிட்டு நின்னாரு."