ஒத்துக்கொள்ளாத கல்

டீ ஆறிவிடும், குடியுங்கள் சார். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

வைரத்துக்கு விலை கிடையாது. முதலில் அது உங்களுக்குப் புரிய வேண்டும். தங்கத்துக்குத் தினமும் காலையில் ரேட் வருகிறது, டிவியிலேயே சொல்கிறார்கள். வைரத்துக்கு யார் சொல்கிறார்கள்? பூமிக்கு அடியில் கிடந்து இறுகிய கரி அது. ஆப்பிரிக்காவில் எவனோ இடுப்பளவு சேற்றில் நின்று சலித்தெடுக்கிறான், சூரத்தில் பட்டை தீட்டுகிறார்கள். இப்போது மெஷினிலேயே விளைவிக்கிறார்கள். எங்கள் கடை வாசலைத் தாண்டிய வைரத்தை நீங்கள் திருப்பிக் கொண்டுவந்தால் பாதி விலைகூடத் தர மாட்டோம். வாங்குகிறவளின் ஆசை, விற்கிறவளின் அவசரம், அவ்வளவுதான் வியாபாரம்.

தாட்சாயிணியின் தோடு வேறு ரகம். மாமியார் இறந்ததும் அவளுக்கு வந்தது. அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் என் கடையில் அழுக்கெடுக்கக் கொடுத்தாள். லென்ஸில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்துக் கல். அந்தச் சுரங்கங்கள் ஓய்ந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. விலைக்குக் கேட்டேன். "கிருஷ்ணப்பிரியா கல்யாணத்துக்கு வெச்சிகீறேன் அண்ணே, விக்கிறதுக்கு இல்ல" என்றாள். கிருஷ்ணப்பிரியா அவளுடைய ஒரே பெண்.

அவசரம் இல்லாதவளுக்கு நாம்தான் அவசரத்தை உண்டாக்க வேண்டும். அதற்கு நம் ஜனங்களே வழி வைத்திருக்கிறார்கள். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, கெட்டது எதுவும் நடக்காவிட்டால்தான் காதில் போடுவார்கள். "பழைய கல்லும்மா, ஒத்துக்குதான்னு பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரமே அவள் புருஷன் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். படியில் எண்ணெய் ஊற்றியது நான். தாட்சாயிணி கலங்கிப்போய் வந்தாள். ஆனாலும் விற்கவில்லை. "மாமியா குட்த்தது அண்ணே. இன்னும் கொஞ்ச நாளு வெச்சிகினு பாக்குறேன்." அந்தப் பிடிவாதம்தான் சார் எனக்கு இன்றைக்கும் வருத்தம். அன்றே கொடுத்திருந்தால் எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும்.

கிருஷ்ணப்பிரியா ரயிலில் வேலைக்குப் போகிற பெண். ஸ்கூட்டியை என் கடை ஓரத்தில்தான் விடுவாள். "மாமா, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்பாள். எதிர்க்கடை கேமராவில் நான் குனிந்தது பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள், சரிதான். பிரேக் கேபிளை முழுதாகக்கூட அறுக்கவில்லை. விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்தேன். சி.டி.எச். ரோட்டில் அந்த நேரம் பார்த்து லாரி வரும் என்று யாருக்குத் தெரியும்?

கிருஷ்ணப்பிரியாவின் காரியம் முடிந்த மறுநாள் தாட்சாயிணி வந்து தோட்டைக் கண்ணாடி மேல் வைத்தாள். "காசு வாணாம். எங்கனா கண்காணாத எடத்துல போட்டுடு. எம் பொண்ண துன்னுடுச்சி இது." அழுவதற்குக்கூட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அப்பேர்ப்பட்ட கல் எனக்குச் சும்மா கிடைத்தது.

ஆனால் விற்கவில்லை சார். என் வீட்டுக்காரி ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சினாள், தொடவே விடவில்லை. கடை லாக்கரில் இருக்கிறது, சாவி உங்கள் ஆளிடம் கொடுத்துவிட்டேன்.

கேபிளை அறுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணைக் கொன்றது நானில்லை. தோட்டை எடுக்கும்போது வெறுங்கையால் தொடாதீர்கள் சார். உங்களுக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்றீர்களே.