ஓட்டையில்லாத தகடு

சின்னக் காருக்குத் தடித்த இரும்புத் தகடு பூட்டக்கூடாது. பலரும் அதைத்தான் பூட்டுகிறார்கள், கனமாக இருந்தால் காவலாக இருக்கும் என்று நம்பி. குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து, அதுவரை இடிக்காத கல்லெல்லாம் இடிக்க ஆரம்பிக்கும்.

இந்தப் பேச்சை ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடமாக உதிரிபாகக் கடையில் நிற்கிறேன். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டியைக் கல்லடியிலிருந்து காப்பாற்றும் தகட்டைத்தான் சொல்கிறேன். நீங்கள் கேட்டதும் அதைப் பற்றித்தானே.

கார் அத்தானுடையது. என்னைவிட மூத்த கார். இரண்டே கதவு, பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். அக்காவும் அத்தானும் கீழ்வீட்டில், நான் மாடியில், பதினொரு வருடமாக மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு. அத்தானுக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு மாற்றல் வந்தது. அக்கா சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்படுவதுபோலக் காட்டிக்கொண்டாள் என்பது என் அபிப்பிராயம். கூடப் பிறந்தவள் மனது எனக்குத் தெரியாதா? அவளுக்குக் குளிர் ஆகாது. அத்தான் கூப்பிட்டார், கிளம்புகிறாள், அவ்வளவுதான். அத்தான் இல்லையென்றால் அவள் எங்கேயும் போக வேண்டியிருந்திருக்காது.

"மலைப்பாதை பூரா கல்லு மச்சான். அடியில நல்லதா ஒண்ணு பார்த்துப் போட்டுக் குடு" என்றார் அத்தான்.

மூன்று நாள் தேடினேன். ஓட்டை போட்ட அலுமினியத் தகட்டைத்தான் முதலாளி சிபாரிசு செய்தார். காற்று போகும், எண்ணெய் மாற்ற ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டாம். நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். நான் எடுத்தது ஓட்டையே இல்லாதது, நாலு ஓரமும் தாம்பாளம் மாதிரி மேலே மடித்தது. அதிராமல் இருக்க உள்ளே தடித்த கம்பளித்துணி ஒட்டினேன். "எதுக்குப்பா இவ்வளவு சீராட்டு" என்று முதலாளி சிரித்தார். சொந்தக்காரங்க வண்டி என்றேன்.

அத்தானுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் சாயங்காலம் காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையைத் தள்ளிவைப்பார். காலையில் அதை இழுத்து, ஜோசியர் கட்டம் பார்ப்பதுபோல் பார்ப்பார். பழைய வண்டி, ஏதாவது ஒழுகத்தான் செய்யும். கறுப்பாக இருந்தால் இன்ஜின் எண்ணெய், வெளிர் மஞ்சளாக இருந்தால் பிரேக் எண்ணெய். ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கத்தில் பென்சிலால் தேதி போடுவார். அட்டையைப் பார்க்காமல் சாவியைத் தொடமாட்டார். பானெட்டை மட்டும் திறக்கமாட்டார், அது என் இலாகா. ஆள் பொய் சொன்னாலும் அட்டை பொய் சொல்லாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தகடு பூட்டிய மறுநாள் அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. தகடு ஏந்திக்கொள்கிறது, கம்பளி குடித்துவிடுகிறது என்று மனிதருக்குத் தோன்றவேயில்லை. "உன் கை பட்டதும் ஒழுக்கே நின்னுடுச்சு மச்சான்" என்று முதுகில் தட்டினார். ஐந்து நாள் பார்த்தேன், அட்டை பளிச்சென்று இருந்தது. பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, தகட்டைக் கழற்றினேன். தகட்டுக்கு நேர் மேலே பிரேக் எண்ணெய்க் குழாய் சேருகிற இடத்தில் மரையைக் கொஞ்சம் தளர்த்தினேன். தகட்டைத் திரும்பப் பூட்டினேன். அரைமணி நேர வேலை. ஏற்றத்தில் பிரேக்குக்கு அதிக வேலை இருக்காது, இறக்கத்தில்தான் இருக்கும். நடுவில் அக்கா டீ கொண்டுவந்து தந்தாள். அடியில் படுத்தபடியே குடித்தேன்.

ஏற்பாட்டின்படி அத்தான் மட்டும் காரில், அக்கா சாமான் லாரியில். காலையில் அத்தான் அட்டையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். லாரியில் டிரைவர் பக்கத்து இருக்கையைத் தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. அக்கா ஒரு நிமிடம் நின்றாள், பிறகு காரின் கதவைத் திறந்து ஏறிவிட்டாள்.

"நான் இவர்கூடவே போறேன்டா. வழியெல்லாம் பேசிட்டே போகலாம்" என்றாள்.

அப்போது அவள் முகத்தில் இருந்தது நடிப்பில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நானும் யோசித்தேன். அத்தான் கண்ணாடியைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. ஆனால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். ஏதாவது சாக்குச் சொன்னால் அத்தான் தகட்டைக் கழற்றச் சொல்லியிருப்பார். அக்காவுக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கும். அதன்பிறகு அவள் என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? அந்த வேதனையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பார்த்துப் போயிட்டு வாங்க என்று கேட்டைத் திறந்துவிட்டேன்.

உங்கள் மெக்கானிக் கம்பளியைப் பிழிந்து பார்த்தாராமே, கெட்டிக்காரர். அத்தனை உயரத்திலிருந்து கார் உருண்டும் எண்ணெய்த் தொட்டி உடையவில்லை என்று அவரே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தகட்டைப் பொறுத்தவரை என் தேர்வில் குறை சொல்ல முடியாது.

ஆமாம், நான்தான் கொன்றேன், இரண்டு பேரையும். முழுக்க முழுக்க அக்காவின் நன்மைக்காகத்தான். கடைசிவரை அவள் என்னை நல்ல தம்பி என்று நினைத்துக்கொண்டுதான் போனாள், அந்த மட்டில் எனக்குத் திருப்தி.