வெள்ளிக் காசைச் சுத்தின கை

— காப்பியைச் சீக்கிரம் குடிங்க ஓவிலா மாமா. ஆறிப் போகுது பாருங்க.

— எங்க இறங்குது தாயி. கோர்ட்டுப் படியேறினதே இல்ல நான். இன்னும் எத்தனை பேர் உள்ள?

— அடுத்தது நாமதான். கேட்டதுக்குப் பதில் சொல்லணும், அவ்வளவுதான். கயேத்தான் பக்கம் திரும்பாதீங்க.

— உன் கூடப்பிறந்த அண்ணன் தாயி அவன்.

— அண்ணனாம் அண்ணன்! டிரஸ்டைக் கலைக்கணும்னு கேஸ் போட்டு, அப்பா அதுல எழுதி வச்ச வீட்டையும் பாகு எடுக்கற மேப்பிள் தோப்பையும் வித்துட்டு, வாய் பேசாத தம்பியை விடுதியில தள்ளப் பாக்கறான். நோர்மான் அந்த வீட்டை விட்டா தாங்குவானா? ஒருதரம் ஆஸ்பத்திரியில வச்சப்பவே நாலு நாள் தண்ணிகூட குடிக்கல.

— தெரியும். நான்தானே வந்து ஸ்பூன்ல ஊத்தினேன்.

— அப்ப தைரியமா இருங்க. ஒருதரம் சொல்லிப் பார்ப்போம். நீங்க யாரு?

— பக்கத்துத் தோப்புக்காரன். சொலாஞ்சோட, அதாவது உன்னோட, கூட்டு டிரஸ்டி.

— எதுக்குக் கூட்டு?

— டிரஸ்டுல உனக்கும் பங்கு இருக்கு. நம்ம கியூபெக் மாகாணச் சட்டப்படி நீ தனியா எதுவும் பண்ண முடியாது. பங்கும் இல்லாத, டிரஸ்டைத் தொடங்கியும் வைக்காத வெளியாள் ஒருத்தன் கூட இருந்தே ஆகணும்.

— பலே! அந்த வெளியாள் நீங்க. அப்பா சொத்தை எழுதறதுக்கு முன்னாடி, முதல் கொடையா ஒரு வெள்ளிக் காசு குடுத்து டிரஸ்டைத் தொடங்கி வச்சது யாரு?

— காப்பி ஆறியே போச்சு தாயி.

— மாமா? லூசியன் சித்தப்பான்னு பத்திரத்துலயே இருக்கே.

— பத்திரத்துல இருக்கு.

— என்ன இழுக்கறீங்க? சொல்லுங்க.

— பத்திரம் எழுதின அன்னைக்கு நீ நோட்டரி ஆபீசுக்கு வர்றதுக்குள்ள நடந்தது தாயி. உன் சித்தப்பன் காசைக் கொண்டு வரல. வேற கோட்டைப் போட்டுக்கிட்டு வந்துட்டான். பாக்கெட்டைத் தட்டித் தட்டிப் பாக்கறான். நோர்மான் வேற அலற ஆரம்பிச்சுட்டான், புது இடம் இல்லியா. என் பையில எப்பவும் இருக்குமே, படகுப் படம் போட்ட வெள்ளி டாலர், அதை எடுத்து நோட்டரி மேசையில சுத்தி விட்டேன். பம்பரமாட்டம் சுத்துச்சு. பய சிரிச்சுட்டான். இதையே டிரஸ்டுக்கு என் கொடையா வச்சுக்கோங்கன்னேன். நோட்டரியும் எடுத்துக்கிட்டார். பத்திரம் முன்னாடியே அடிச்சாச்சு, பேரை யாரும் மாத்தல.

— ஐயோ! அப்ப தொடங்கி வச்சவரே நீங்கதானா? வெளியாளே கிடையாதா? பன்னெண்டு வருஷமா நாம போட்ட கையெழுத்தெல்லாம்...

— செல்லாதுன்னு அவன் வக்கீல் சொல்லிடுவான். அதான் எனக்குத் தூக்கமே இல்ல.

— இருங்க, இருங்க. அப்பா, அம்மா, சித்தப்பா யாரும் இல்ல. நோட்டரியும் போய்ச் சேர்ந்துட்டார். நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? சித்தப்பா குடுத்தார்னு சொல்லிடுங்க.

— சத்தியம் பண்ணிட்டுப் பொய்யா? எழுபத்தி நாலு வயசுலயா?

— எனக்காக வேணாம். நோர்மானுக்காக.

— சரி, சொல்றேன். சாமி மன்னிக்கட்டும். ஒண்ணு மட்டும் பண்ணு தாயி. வீட்டுக்குப் போனதும் உங்கம்மா அன்னைக்கு எடுத்த போட்டோவைப் பாகு காய்ச்சற அடுப்புல போட்டுடு.

— எந்த போட்டோ?

— நோர்மான் மேசையைப் பார்த்துச் சிரிப்பானே, அது. காசைச் சுத்தற என் கையும் மூஞ்சியும் பளிச்சுன்னு தெரியும்.

— மாமா... அதுல அவன் முகத்தைத் தவிர நான் எதையும் பார்த்ததே இல்ல. அன்னைக்கு அவன் எவ்வளவு சந்தோஷமா இருந்தான்னு காட்டறதுக்கு, காலையில நானே அதை ஜட்ஜ்கிட்ட குடுத்துட்டேன்.