நாலு மணிக்கு மேல் வந்த தாள்

சரிவெல்லாம் தேயிலையும் சந்தெல்லாம் தகராறும் தழைத்த எம் மலைநாட்டில், சாய்வில்லாத் தராசைச் சலியாது ஏந்திய சான்றோரே! கறுப்புக் கோட்டுக்குள் கனிந்த நெஞ்சை ஒளித்துவைத்த கண்டிப்பாளரே! எங்கள் கிராம நீதிமன்றத்தில் பதினேழாண்டுகள் தலைமை வீற்றிருந்து, நேற்று மாலை நான்கு மணிக்கு நாற்காலியை விட்டெழுந்த நீதிபதி பெரியதம்பி ஐயா அவர்களே! மன்றத்து ஊழியர் நாங்கள் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

விழாவை இன்றைக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. பதவியில் இருந்தவரை எங்கள் கையால் ஒரு கோப்பைத் தேநீரும் தாங்கள் பருகியதில்லை. இன்று பருகினீர்கள்; சீனி கூடிவிட்டது என்றும் சொன்னீர்கள். பதினேழாண்டு ஆசையை ஒரே கோப்பையில் போட்டால் கூடத்தானே செய்யும்! தங்கள் பெருமையைத் தங்களிடமே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. ஆகவே இனிச் சபையோரிடம் சொல்கிறோம், தாங்கள் கேட்டிருங்கள்.

நுவரெலியாக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் ஐயா. தம்பிமார் முழம் போட்டுக்கொண்டிருக்க, இவர் சட்டம் படித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் இங்கே வந்தமர்ந்ததும், துரைமாரின் காருக்கும் தொழிலாளியின் வெறுங்காலுக்கும் ஒரே வாசல் என்றார். தமக்கென இரண்டு விதிகள் வைத்தார். வழக்கு நடக்கும் வீட்டில் கால் வைக்கமாட்டார், கை நனைக்கமாட்டார். நான்கு மணி அடித்தபின் எந்தத் தாளையும் கண்ணால் பார்க்கமாட்டார்.

"நாலு மணிக்கு மேல வந்த தாளு, நாளைக்கு வந்த தாளு" என்பார்.

ஐம்பத்திரண்டில் ஒரே மகள் இந்திராதேவிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை தங்கவேலு; அவர் தகப்பனார் இறம்பொடையில் மளிகைக்கடை வைத்திருந்த சிவசாமி. வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு முளைத்தது வினை. சிவசாமி எழுப்பிய சுவர் தன் வாய்க்காலை மறிக்கிறது என்று அண்டை வீட்டு அழகுமுத்து வழக்குப் போட்டார். வழக்கு நம் மன்றத்துக்கே வந்தது.

வேறு மன்றத்துக்கு மாற்றிவிடலாமே என்று நாங்களே கெஞ்சினோம். "என் மக கல்யாணத்துக்காக மாத்தினா, அடுத்தவன் மக கல்யாணத்துக்கு யாரு மாத்துவா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொன்னவர், இன்று அவர் அருகில் அமர்ந்திருக்கும் துணைவியார் அன்னம்மா அம்மையார். "நீங்க கோர்ட்டுக்குப் போங்க. நான் பொண்ணுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஐயா இல்லாமலே மகளோடு, கல்யாணம் நடக்கும் இறம்பொடை மாப்பிள்ளை வீட்டுக்குப் பஸ் ஏறினார். தாரை வார்க்கத் தாய்மாமன் நின்றார்.

விடிகாலை ஆறு மணிக்கு முகூர்த்தம். அன்றைக்கும் ஐயா ஒன்பது மணிக்கு ஆசனத்தில் இருந்தார். முதல் தாளாக அழகுமுத்துவின் வாபஸ் மனு வந்தது. படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மேலும் ஒரு நொடி பார்த்தார். "அடுத்த கேஸக் கூப்பிடுங்க" என்றார்.

மாலையில் கடைசிப் பஸ் பிடித்து, ஒரு சீப்புப் பழத்தோடு மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளேயிருந்து மகளின் குரல் மட்டும் வந்தது. "கேஸு முடிஞ்சிருச்சா? அப்ப வந்தவங்களுக்குத் தண்ணி குடுங்க." தண்ணீரைக் குடித்துவிட்டு மழையில் நடந்தே திரும்பினார் ஐயா.

இரண்டு ஆண்டில் தங்கவேலுவின் இலங்கைக் குடியுரிமை மனு தள்ளுபடியாயிற்று. குடும்பம் இந்தியாவிலுள்ள துறையூருக்குக் கப்பலேறியது. அங்கிருந்து மாதந்தோறும் அம்மையாருக்குக் கடிதம் வரும். ஐயாவைப் பற்றி அதில் ஒரு வரி இராது. வீட்டுக்கு வராதது மன்றத்து விலாசத்துக்காவது வரக்கூடும் என்று, பதினோராண்டுகளாகக் காலைதோறும் கேட்டார்: "எனக்குத் தபால் வந்துச்சா?" வழக்குக் கட்டுகள் வந்தன, சுற்றறிக்கைகள் வந்தன. மகளின் கையெழுத்து வரவில்லை. ஏங்கினார், சபையோரே! எந்தத் தீர்ப்பிலும் குரல் நடுங்காதவர், இந்தக் கேள்வியில் மட்டும் குரல் தாழ்ந்தார்.

இனிச் சொல்லப்போவது, ஐயா, தாங்களும் அறியாதது.

அழகுமுத்து அந்த மனுவைக் கொண்டுவந்தது கல்யாணத்தன்று காலையில் அல்ல. முதல் நாள் மாலை, நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, மூச்சிரைக்க ஓடிவந்தார். "கல்யாண வீட்டுல பொண்ணப் பெத்தவரு இல்லாம இருக்கக் கூடாதுங்க. எனக்கு இந்தக் கேஸு வேணாம்" என்றார். அதை வாங்கியவர் பதிவெழுதும் சின்னராசா. தங்கள் விதியை வேதமாகக் கொண்டவர்; மேசையறையில் வைத்துப் பூட்டி, மறுநாள் முத்திரை குத்தித் தங்கள் முன் வைத்தார். பத்து நிமிடத்தைப் பெரிதென்று நினைத்தவர், ஒரு தகப்பனைச் சிறிதென்று நினைத்துவிட்டார். அதைச் சொல்லப் பதின்மூன்று ஆண்டுகள் அவருக்கு வாய் எழவில்லை. இம்மடலை எழுதிய கையும் அதே கைதான். பொறுத்தருள வேண்டுகிறோம்.

சென்ற மாதம் சின்னராசா துறையூரில் உள்ள தங்கள் மகளுக்கு இந்த உண்மையையும், தாங்கள் தபால் கேட்டு நிற்பதையும் எழுதினார். மறுமொழி வருமோ வராதோ என்று, தங்களைப் போலவே நாங்களும் காலைதோறும் தபால்காரரின் பையைப் பார்த்து நின்றோம்.

பொன்னாடை போர்த்துவது வழக்கம். நாங்கள் அதைச் செய்யவில்லை. தலைமன்னார் ரயிலுக்கும் கப்பலுக்கும் தங்கள் இருவர் பேரிலும் பயணச்சீட்டு இம்மடலோடு இருக்கிறது. பயணத்துக்கான தாள்களை நிரப்பிவிட்டோம். கையொப்பம் ஒன்றே குறை. மணி இப்போது மூன்றரை. தட்டிக்கழிக்கத் தங்களுக்கு வழியில்லை!

தேயிலைக் கொழுந்தெனத் தளிர்த்துத் தளிர்த்து, நோயின்றி நொடியின்றி நூறாண்டு இருவரும் வாழ்க! மூன்று நாளைக்கு முன் வந்த கடிதத்தை இம்மடலின் கடைசியில் அப்படியே எழுதுகிறோம்:

"சின்னராசா அண்ணே, கடுதாசி கெடச்சுச்சு. ரெண்டு நாளு அழுதேன். அப்பாவுக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. இத மட்டும் சொல்லிருங்க: எங்க வீட்டு மேல இப்ப வழக்கு ஒண்ணும் இல்ல. அப்பா வந்து கை நனைக்கலாம்."

இங்ஙனம்,
தங்கள் மணியோசைக்கு எழுந்து நின்று பழகிய
மன்றத்து ஊழியர்கள்
1965